ராத்திரி 2 மணிக்கு மருந்தை முடிவு செய்வது யார்?

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி 2 மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்து இறங்கும்போது பெரும்பாலும் அங்கே இருப்பது ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு ஆயாவும்தான். டாக்டர் போனில் கிடைப்பார், வந்து சேர அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி நேரத்தில் ஊசி போடுவதா வேண்டாமா, எது, எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்வது அந்த நர்ஸ். காகிதத்தில் நாம் இதை 'மருந்து பரிந்துரைத்தல்' என்று சொல்வதில்லை, 'ஆர்டர்படி கொடுத்தல்' என்கிறோம். பல வருஷம் லேபர் வார்டில் நின்றவள், இப்போது நர்ஸ்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவை எடுக்க நாம் அவர்களுக்குச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறோம், எப்போது போடக்கூடாது என்பதைப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுகிறோம்.

ஆக்சிடோசினை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் தசையில் போட்டால் ரத்தப்போக்கைத் தடுத்து உயிரைக் காப்பாற்றுகிற மருந்து. அதே ஆம்ப்யூலைக் குழந்தை பிறப்பதற்கு முன்பு, 'சீக்கிரம் ஆகட்டும்' என்று தசையில் போட்டால் கர்ப்பப்பை கிழியலாம், உள்ளே குழந்தைக்கு மூச்சு முட்டலாம். வெளியே வராண்டாவில் மாமியார் நின்றுகொண்டு "சிஸ்டர், வலி ஊசி ஒண்ணு போட்டு விடுங்களேன், புள்ள துடிக்கிறா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த அம்மாவிடம் "போட முடியாதும்மா, போட்டா பாப்பாவுக்கு ஆபத்து" என்று நின்று சொல்ல மருந்தறிவு மட்டும் போதாது, வாய்ப் பழக்கமும் வேண்டும். அதனால் என் வகுப்பில் ஒருவரை மாமியாராக உட்காரவைத்து இன்னொருவரைப் பேசச் சொல்கிறேன். முதல் தடவை பாதிப் பேர் திணறிவிடுகிறார்கள்.

அப்புறம் பிரசவம் ஆன பிறகும் ஒரு படி இருக்கிறது. ஊசிக்கு முன்னால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், உள்ளே இன்னொரு குழந்தை இல்லையே என்று. ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருந்தாலும் தொட்டுப் பாருங்கள் என்பேன். இன்னொன்று, நம் ஊரில் பரவலாக வரும் ஆக்சிடோசின் ஆம்ப்யூல் 1 மி.லி.யில் 5 யூனிட். 10 யூனிட்டுக்கு இரண்டு ஆம்ப்யூல் உடைக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் போட்டுவிட்டு 'கொடுத்தாச்சு' என்று கேஸ் ஷீட்டில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். மருந்தை ஃபிரிட்ஜில் வைக்காமல் ட்ரேயில் வாரக்கணக்கில் வெயில் காலத்தில் விட்டுவிட்டு, பிறகு 'ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லை' என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மருத்துவமனையின் லேபர் வார்டில் ஆக்சிடோசினும், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் இன்னொரு ஊசியான மெத்தர்ஜினும் ஒரே கிண்ணத்தில் கிடக்கும், இரண்டும் குட்டி ஆம்ப்யூல். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்த ஒரு பெண்ணுக்கு, அங்கே எல்லோரும் செய்கிற மாதிரி, மெத்தர்ஜின் போட்டேன். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தது, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதியும் இருந்தது. மெத்தர்ஜின் ரத்தக்குழாயைச் சுருக்கும், பிரஷர் உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. பத்து நிமிடத்தில் "தலை வெடிக்குது சிஸ்டர்" என்றாள். பிரஷர் பார்த்தால் 180-க்கு மேலே. டாக்டர் ஓடி வந்து சமாளித்தார், அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். எனக்குத் திட்டு விழுந்தது, ஆனால் மறுநாளும் அந்த இரண்டு மருந்தும் அதே கிண்ணத்தில்தான் கிடந்தன. பயிற்சி என்பது ஒரு ஆளைத் திருத்துவது மட்டும் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். இன்றைக்கு நான் எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது மருந்து ட்ரேயை.

கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய சிக்கல் அங்கேதான். பிரஷர் ஏறி ஜன்னி, அதாவது வலிப்பு, வந்த கர்ப்பிணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பு, மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் 10 கிராம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், ஆழமாகத் தசையில். மத்திய அரசின் வழிகாட்டுதலே ஏ.என்.எம். எனப்படும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறது, டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து 50 சதவீதக் கரைசல், 2 மி.லி. ஆம்ப்யூல், ஒன்றில் 1 கிராம். வகுப்பில் தண்ணீர் நிரப்பிய காலி ஆம்ப்யூல்களை மேசையில் கொட்டிவிட்டு, 'எதிரே ஒரு பெண் வெட்டி இழுக்கிறாள், 10 கிராம் எடுங்கள்' என்பேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட ஐந்தாவது ஆம்ப்யூலில் நின்றுவிடுகிறார்கள். சிரிஞ்சில் 10 மி.லி. வந்துவிட்டதே, அதனால் 10 கிராம் வந்துவிட்டது என்று கை நம்பிவிடுகிறது. அது 5 கிராம்தான், ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். மொத்தம் பத்து ஆம்ப்யூல், இரண்டு சிரிஞ்ச். இதை மனப்பாடம் செய்யவைத்து ஒரு பயனும் இல்லை. விரலால் பத்து தடவை உடைத்து எடுத்துப் பழக வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் சத்தமாக எண்ண வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த டோஸ் கொடுக்கும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: முழங்கால் தட்டினால் உதைக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்த ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு உண்டு என்று வகுப்பில் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். மூச்சு அடங்கினால் கொடுக்க கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி. அதே ட்ரேயில் தயாராக இருக்க வேண்டும்.

நர்ஸ்களே மருந்து எழுதுவதை இங்கிலாந்தில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும், நம் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதால் மட்டும் இல்லை. 1992-இல் சட்டம் போட்டார்கள், 1994-இல் சில இடங்களில் மட்டும் சோதித்தார்கள், முதலில் சின்னப் பட்டியல், 2006-இல்தான் தகுதி பெற்ற நர்ஸ்கள் அநேகமாக எல்லா மருந்தையும் தாங்களே எழுதலாம் என்று வந்தது. அங்கே இந்தப் படிப்பில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்தியல் தேர்வில் 80 சதவீதம் வாங்கினால் போதும், மருந்துக் கணக்குத் தேர்வில் மட்டும் 100-க்கு 100. ஒரு கணக்குத் தப்பினாலும் தேறவில்லை. அதோடு, அனுபவமுள்ள ஒரு பரிந்துரையாளர் பக்கத்தில் நின்று நோயாளிகளைப் பார்க்கவைத்து, பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

நம் நாட்டில் நிலைமை வேறு. பொதுவாக மருந்துச் சீட்டு எழுதுவது பதிவு பெற்ற டாக்டரின் உரிமை. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில் சிலருக்கு ஆரம்பநிலை சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாங்களே எழுத இடம் கொடுக்கிறது. 2018-இல் மருத்துவச்சிப் பணிக்கான தேசிய வழிகாட்டுதல் வந்து, பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சியும் வந்தது. கதவு மெல்லத் திறக்கிறது, நல்லதுதான். ஆனால் 18 மாதத்தில் எத்தனை மணி நேரம் ஆம்ப்யூலோடு உட்காருகிறார்கள் என்பதில்தான் என் கவலை.

பிரசவ அறைக்கு வெளியேயும் இதே கதைதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. மாத்திரை கொடுக்கும்போது 35 வயதுப் பெண்ணிடம் "நாள் தள்ளிப் போயிருக்கா, முழுகாம இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனலாப்ரில் போன்ற மாத்திரையைக் கர்ப்பத்தில் தொடர்ந்தால் வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கும். கேட்பதிலும் ஒரு விதம் உண்டு. "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் "இல்லைங்க" என்பார்கள். "எந்த மாத்திரையாவது ஊசியாவது சேராமப் போயிருக்கா, தடிப்பு வந்துச்சா, மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டால்தான் "ஆமா, பெரியாஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டாங்க, மயக்கமாயிட்டேன்" என்று வரும்.

எழுத்திலும் பேச்சிலும் சில பழக்கங்கள். யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாக எழுதாதீர்கள், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்ஜியமாகி 10 என்பது 100 ஆகிவிடும். டாக்டர் போனில் டோஸ் சொன்னால் திருப்பிச் சொல்லுங்கள், ஆங்கில எண்ணைத் தமிழிலும் சொல்லுங்கள்: "ஃபிஃப்டீனா சார், பதினஞ்சா?" ஃபிஃப்டியும் ஃபிஃப்டீனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும், பதினைந்தும் ஐம்பதும் கேட்காது.

போன மழைக்காலத்தில் என்னிடம் படித்த ஒரு சிஸ்டர் ராத்திரி போன் செய்தார். 19 வயதுப் பெண், ஜன்னி, 108-இல் ஏற்றி அனுப்பியாச்சு. "மேடம், பத்து ஆம்ப்யூல், ஆயாம்மாவை எண்ணச் சொன்னேன்" என்றார். சீட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். படித்துக் காட்டினார்: மக்னீசியம் சல்பேட் 10 கிராம், இரண்டு பக்கமும் ஐந்தைந்து, ராத்திரி 1.40 மணி, பிரஷர் 170/110, மூச்சு 20, கையெழுத்து. அந்தப் பக்கம் டியூட்டி டாக்டர் அடுத்த டோஸுக்கு 5.40 என்று நேரம் குறித்துக்கொண்டது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.