தானே கோக்கும் பெப்டைடு நானோ இழை

'ஃபைபர்' என்றதும் 'நார்' என்று எழுதிவிடுகிறோம். கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய நானோஃபைபரை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நார் தேங்காய் மட்டையிலும் வாழைப்பட்டையிலும் ஏற்கெனவே இருப்பது, உரித்தெடுக்கிறோம். நான் சொல்லவரும் பெப்டைடு நானோஃபைபரோ தண்ணீருக்குள் புதிதாக உருவாவது. இழை என்பதே சரி.

பெப்டைடு, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலி. செரித்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து எமில் ஃபிஷர் 1902இல் இட்ட பெயர். புரதம் செரிக்கையில் இப்படித்தான் துண்டாகிறது. 'புரதக்கூறு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. பெப்டைடு என்றாலும் குறையில்லை. நானோவுக்குக் கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள்.

சென்னிமலையில் அம்மாயி தறியின் நீளவாட்டு நூலான பாவைப் பிணைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விரலில் சாம்பல் தொட்டு, பழைய பாவின் நுனியோடு புதுப்பாவின் நுனியைச் சேர்த்து முறுக்குவார். ஒவ்வோர் இழைக்கும் கை போக வேண்டும். இந்தப் பெப்டைடுக்குக் கை வேண்டியதில்லை. ராடா 16 என்ற பெப்டைடில் 16 அமினோ அமிலங்கள். ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், மறுபக்கம் ஒதுங்கும். ஒட்டும் பக்கத்தில் நேர்மின்னும் எதிர்மின்னும் மாறிமாறி நிற்கின்றன. உடல்நீரின் உப்பு பட்டதும் ஒன்றையொன்று பற்றி வரிசையாக அடுக்கி இழையாகிவிடும். தடிமன் சுமார் 10 நானோமீட்டர். பருத்தி நாரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த இழைகள் பின்னிக்கொண்டு 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கூழாகின்றன. அதற்குள் செல்கள் ஒட்டி வளரும். வேலை முடிந்தபின் இழை மறுபடி அமினோ அமிலமாகக் கரைந்துபோகும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஷுகுவாங் ஜாங், 1990 வாக்கில் ஈஸ்ட் புரதம் ஒன்றை ஆராய்ந்தபோதுதான் இந்த வகை தெரியவந்தது. இன்று அறுவை சிகிச்சையில் ரத்தக்கசிவை நிறுத்தவும் இந்தக் கூழ் பயன்படுகிறது.

'செல்ஃப் அசெம்பிளி'யைத் 'தன்னொழுங்கமைவு' என்று எழுதுவதைவிட, 'தானே கோத்தல்' என்றால் கேட்டவுடன் விளங்கும். பூவும் மணியும் கோக்கிற வினைதானே.

அப்புறம் 'திசு'. நெய்தது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. இலங்கைப் பாடநூல்கள் இதை அழகாக 'இழையம்' என்கின்றன. தறி ஓடும் கொங்கு நாட்டில் நாம் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். நானோ இழை தாங்கிப் பிடிக்க, இழையம் வளர்கிறது. முதல் தடவை 'இழையம் என்கிற திசு' என்று எழுதிவிட்டால், திசுவை வளர்த்தெடுக்கும் துறையை அடுத்த வரியிலிருந்து இழையப் பொறியியல் என்றே எழுதலாம்.