சம்பளம் ஏறினால் ஆட்டக்காரரின் வாய் மூடிக்கொள்ளும்

பெரிய சம்பளம் வாங்கும் கால்பந்து ஆட்டக்காரர் சொதப்பினால் ரசிகர்கள் முதலில் சொல்வது, "காசு சேர்ந்துடுச்சு, இனி எதுக்கு ஓடணும்?" என்பதுதான். கிளப் நிர்வாகிகளும் மூடிய அறைக்குள் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள். விளையாட்டு உளவியல் ஆலோசகரான எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும், ஏனென்றால் அதற்கு அப்புறம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரர் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்), அணியிலேயே அதிகச் சம்பளம் அவருக்குத்தான், ஐந்து மாதமாகத் தொடை இடுக்கில் வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பினால் சுருக்கென்று குத்தும், அதனால் திரும்புவதையே விட்டுவிட்டு, பந்து வந்ததும் பின்னால் இருப்பவருக்கே தட்டிவிடுவார், பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனம். பிசியோவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இவ்வளவு வாங்கிட்டு வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

லண்டன் கிளப்பான ஆர்சனலின் ஜெர்மன் மிட்ஃபீல்டர் மெசுட் ஓசிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் அதே அணியின் நட்சத்திரம் அலெக்சிஸ் சான்செஸ் ஆர்சனலை விட்டு மான்செஸ்டர் யுனைடெட் போய்விட்டார். ஓசிலின் ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிய இருந்தது, இவரையும் விட்டுவிட்டால் ரசிகர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்ற நிலையில், 29 வயதுக்காரருக்கு வாரம் சுமார் 3,50,000 பவுண்ட் என்று செய்திகள் வந்தன. அவருக்கு இடம்கொடுத்து ஆடவைத்த மேனேஜர் வெங்கர் மூன்று மாதத்துக்குள் விலகலை அறிவித்தார். பின்னால் மேனேஜர்களாக வந்த எமெரியும் ஆர்டெட்டாவும் எதிராளியை விரட்டி நெருக்கும் ஆட்டத்தைக் கேட்டார்கள், அது ஓசிலின் பலமாக ஒருபோதும் இருந்ததில்லை. 2015-16 லீக்கில் 19 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவரும் இதே ஆள்தான், அவரிடம் கேட்கப்பட்ட வேலைதான் வேறு. 2020 அக்டோபரில் ஆர்சனலின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. (அதே மாதம், வேலை போன, ஆர்சனலின் சின்னமான கன்னர்சாரஸ் டைனோசர் வேடக்காரரின் சம்பளத்தைத் தானே தருவதாக அறிவித்தார். குறும்புதான்.) ஓசிலிடமிருந்து ஆட்டத்தை வாங்க முடியாதது தன் தோல்வி என்று ஆர்டெட்டா வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மை அபூர்வம்.

சான்செஸ் கதை இன்னும் பரிதாபம். அறிமுக வீடியோவில் பியானோ வாசித்துக்கொண்டு யுனைடெட்டில் சேர்ந்தவர் 45 ஆட்டங்களில் 5 கோல் அடித்தார். முதல் பயிற்சி முடிந்ததுமே ஆர்சனலுக்குத் திரும்ப வழி உண்டா என்று ஏஜெண்டைக் கேட்டதாக 2020இல் அவரே சொன்னார். அன்று சாயங்காலமே கோச் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? சந்தேகம்தான், அவ்வளவு பணம் கைமாறியிருக்கும்போது யாருக்கு வாய் வரும்?

அதனால் மேனேஜர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, சொதப்பும் ஆட்டக்காரரோடு பேசும்போது சம்பளத்தை இழுக்காதீர்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது கிளப்பும்தான். முதலில் உடம்பு, பிறகு களத்தில் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை, அதன் பிறகு வீடு, தூக்கம், குழந்தை. மூன்றையும் பார்த்த பிறகும் ஆளுக்கு மனமே இல்லை என்று தெரிந்தால், அப்படியும் சிலர் உண்டு, சம்பளத்தில் ஒரு பங்கைக் கிளப்பே கொடுத்து லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்புவதோ பேசித் தீர்த்துக்கொள்வதோதான் வழி.

தனியாக ஓடவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் சேர்க்காமல், அவராகவே கிளம்பட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கேவலம் என்பது ஒருபக்கம், சட்டமும் இடிக்கும். ஒப்பந்தத்தை முறிக்கவோ மாற்றவோ வைக்க ஒரு தரப்பு மற்றதை முறைகேடாக நெருக்கினால், நெருக்கப்பட்டவர் நியாயமான காரணத்தோடு வெளியேறலாம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2018இல் விதியே சேர்த்துவிட்டது.

பத்திரிகையாளர் சந்திப்பும் ஆபத்து. 2025 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் முன்கள ஆட்டக்காரர் ராஷ்ஃபோர்ட் பற்றிக் கேட்டபோது, தினமும் முழு முயற்சி போடாதவரைவிட 63 வயது கோல்கீப்பிங் கோச்சையே பெஞ்சில் உட்காரவைப்பேன் என்றார் யுனைடெட்டின் அப்போதைய பயிற்சியாளர் அமோரிம். ராஷ்ஃபோர்டோ அப்போது 2028 வரை ஒப்பந்தம் இருந்த ஆட்டக்காரர். விற்க வேண்டிய மாட்டைச் சந்தையிலேயே நின்று திட்டினால் யார் விலை கேட்பார்கள்? சில நாளில் அவர் லோனில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார்.

என் மிட்ஃபீல்டருக்கு ஸ்கேன், ஆறு வாரம் ஓய்வு. பழைய வேகம் முழுசாக வரவில்லை. ஆனால் திரும்பி வந்து ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் பந்தை வாங்கி, முன்பக்கம் திரும்பினார்.