பழைய சில்லுகளைப் படமெடுக்கும்போது ஒளி என்ன செய்கிறது?

1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 நுண்செயலி என்ற கணினிச் சில்லின் தொடக்ககாலப் பிரதிகள் சிலவற்றில் வெள்ளைப் பீங்கான் உடலும், அதன் நடுவே பொன்முலாம் பூசிய உலோக மூடியும், பீங்கானுக்குள் ஓடும் சாம்பல் நிறத் தடங்களும் காணப்படும். சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் இந்த அழகு, வீட்டில் எடுக்கும் படத்தில் பெரும்பாலும் தொலைந்துபோகிறது. பீங்கான் வெளிறிவிடுகிறது, பொன்மூடி கறுத்துவிடுகிறது, எழுத்துகள் பாதிதான் தெரிகின்றன. விலையுயர்ந்த கேமரா வாங்கினால் இது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கேமராவின் பங்கு இதில் சிறியது. ஒரே விளக்கின் ஒளியைப் பீங்கான் ஒருவிதமாகவும் பொன் வேறுவிதமாகவும் மை இன்னொரு விதமாகவும் திருப்பி அனுப்புவதே காரணம்.

பீங்கான் தன்மீது விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. ஆகவே விளக்கு எங்கே இருந்தாலும் அது வெண்மையாகத் தெரியும். மெருகேறிய பொன்மூடியோ ஒளி எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் மறுபுறம் திருப்பி அனுப்பும் ஆடி. ஆடிக்குத் தனக்கென்று வெளிச்சம் கிடையாது; தன் எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். சில்லுக்கு நேர் மேலே கேமராவைப் பிடித்தால் மூடியின் எதிரே இருப்பது கறுப்பு லென்ஸ். படத்தில் மூடி கறுத்திருப்பதன் காரணம் இதுவே. ஃபிளாஷ் போட்டால் அந்தக் கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கூடுதலாகச் சேரும்.

எனவே சில்லின்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைவிட, மூடிக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கேமராவைச் சற்றுச் சாய்த்து வைத்து, மறுபுறம் அதே சாய்வில் ஒரு வெள்ளை அட்டையையோ, பின்னால் விளக்கு எரியும் ட்ரேசிங் பேப்பரையோ நிறுத்தினால், மூடி முழுவதும் ஒரே சீராகப் பொன்னிறம் பெறும். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினாலே மூடியின் ஒரு ஓரம் இருண்டு, உலோகத்தின் மெல்லிய கீறல்களும் ஓரத்தின் பற்றாசுக் கோடும் எழுந்து தெரிவதைத் திரையில் பார்க்கலாம். நேர் மேலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், புகைப்படச் சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடித் தகடு ஒன்றைச் சில்லுக்கும் லென்ஸுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டலாம். கண்ணாடி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கீழே சில்லின்மீது திருப்பும். அது மூடியில் பட்டு நேர் மேலே எழுந்து, அதே கண்ணாடியைக் கடந்து லென்ஸை அடையும். ஒளி குறைவு என்பதால் நீண்ட நேரம் திறந்து எடுக்க வேண்டும். அதற்கு முக்காலியும் டைமரும் போதும்.

எழுத்துகளின் கதை வேறு. சேகரிப்பாளருக்கு அழகைப் போலவே முக்கியமானது தயாரிப்புக் குறியீடு. 7647 என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அது 1976-ஆம் ஆண்டின் 47-ஆவது வாரத்தைக் குறிக்கும். மையால் அச்சிட்ட எழுத்துக்கு எல்லாப் பக்கமும் பரவிய மென்மையான ஒளி போதும். லேசரால் பொறித்த எழுத்தில் மை இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக்கின் பரப்பு அந்த இடத்தில் மட்டும் சொரசொரப்பாகியிருக்கிறது. இதற்கு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பரப்பை உரசிச் செல்லுமாறு ஒளியைக் காட்ட வேண்டும். வழவழப்பான பகுதி ஒளியை அப்பால் அனுப்பிவிட, சொரசொரப்பான எழுத்து மட்டும் லென்ஸை நோக்கிச் சிதறடித்து ஒளிரும். தேய்ந்த கல்வெட்டு சாய்வெயிலில் தெளிவாகத் தெரிவதும் இப்படித்தான்.

விளக்கின்மீது, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் முனைவாக்கத் தாள் ஒன்றையும், லென்ஸின்மீது அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொரு முனைவாக்கியையும் வைக்கும் முறை உண்டு. ஆடிபோலத் திரும்பும் ஒளி தன் முனைவை, அதாவது அதிர்வுத் திசையை, பெரும்பாலும் இழப்பதில்லை, ஆகவே லென்ஸில் தடுக்கப்படுகிறது. பீங்கானுக்குள்ளும் மைக்குள்ளும் புகுந்து சிதறி வரும் ஒளி முனைவை இழந்துவிடுவதால் ஒரு பகுதி கடந்து செல்கிறது. பளபளப்பு நீங்கி எழுத்துகள் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் பொன்மூடி இருண்டுவிடும். ஆவணத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து வைப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

அடுத்த சிக்கல் குவிய ஆழம். 16 பின்கள் (உலோகக் கால்கள்) கொண்ட சில்லின் நீளம் சுமார் 20 மி.மீ. கேமராவில் ஒளியைப் பதியும் 23.5 மி.மீ. அகல உணரியில் அது படத்தை நிரப்ப வேண்டுமானால் பொருளும் பிம்பமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். அந்த நிலையில், லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8-இல் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) வைத்தால் கூர்மையாக இருக்கும் பகுதியின் ஆழம் 0.6 மி.மீ. அளவுதான். மூடி கூர்மையாக இருந்தால் பின்கள் மங்கும். துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி அலை என்பதால், குறுகிய துளையைக் கடக்கும்போது விரிந்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறு வட்டமாக்குகிறது. இவ்வளவு அருகில் எஃப் 16 என்பது எஃப் 32 போலவே செயல்படும். வட்டத்தின் விட்டம் 0.04 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். இது 24 மெகாபிக்சல் உணரியின் ஒரு படப்புள்ளியைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இந்த இழுபறிக்குத் தீர்வு, எஃப் 5.6 அல்லது 8-இல் நின்று, குவியத்தை 0.3 மி.மீ. அளவு நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றில் கூர்மையான பகுதிகளை மட்டும் மென்பொருளால் இணைப்பதே.

கைப்பேசியில் உணரி சிறியது என்பதால் குவிய ஆழம் தாராளமாகக் கிடைக்கிறது. அதை மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழலே சில்லின்மீது விழும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது. எல்.இ.டி. விளக்கில் கோடுகள் விழுந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். திறப்பு நேரத்தை நொடியில் 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்காக வைத்தால் அவை மறையும். ஸ்கேனரைப் பயன்படுத்த விரும்புவோர் சி.சி.டி. வகையைத் தேட வேண்டும். மெலிந்த சி.ஐ.எஸ். வகை, கண்ணாடியைத் தொட்டிருக்கும் பரப்பைத் தவிர மற்றதை மங்கலாக்கிவிடும்.

குவார்ட்ஸ் சாளரம் கொண்ட, அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஈப்ராம் நினைவகச் சில்லுகளைப் படமெடுப்பது தனி இன்பம். இவற்றில் முதலாவதான இன்டெல் 1702-உம் 1971-இல்தான் வந்தது. சாளரத்தின் வழியே தெரியும் சிலிக்கன் ஓர் ஆடி. அதன்மீது படிந்துள்ள மெல்லிய படலங்களில் ஒளி அலைகள் குறுக்கிடுவதாலும், வரிசை வரிசையாக அமைந்த நினைவக அறைகள் ஒளியைப் பிரிப்பதாலும் பச்சையும் ஊதாவும் எழுகின்றன. மேலே சொன்ன 45 பாகைக் கண்ணாடி முறையே இதற்கும் ஏற்றது. விளக்கைச் சற்று நகர்த்தினால் நிறங்கள் இடம் மாறும்.

ஆனால் இந்தச் சாளரம் புற ஊதா ஒளியால் நினைவகத்தை அழிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும், அறையின் குழல்விளக்கில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கிடந்தால் தரவு அழியக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களே எச்சரித்தன. சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் சில நிமிடங்கள் படமெடுப்பதால் ஆபத்தில்லை. சன்னலோர வெயிலில் வைத்து மறந்துவிடுவதுதான் ஆபத்து. படமெடுத்ததும் சாளரத்தின்மேல் ஒளிபுகாத ஒட்டுத்தாளை மீண்டும் ஒட்டிவிட வேண்டும். சில்லு இயங்கிக்கொண்டிருக்கும்போது செனான் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது: 2015-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 2 என்ற சிறு கணினிப் பலகை, உறையின்றி இருந்த ஒரு மின்சீராக்கிச் சில்லின்மீது ஃபிளாஷ் ஒளி பட்டதாலேயே அணைந்துபோனது. சிலிக்கனில் விழும் ஒளி எலக்ட்ரான்களை விடுவித்து மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. கேமராவின் உணரி படம் பிடிப்பதும் இதே விளைவால்தான்.