ரத்ததான விருது: எண்ணிக்கையை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

ஜூன் 14 உலக ரத்த கொடையாளர் நாள், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். இந்த இரண்டு தேதிகளும் நெருங்கினால் நம் வேலூர் வட்டாரத்தில் ரத்ததான அமைப்புகள் விருதுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடும். பத்துப் பைசா வாங்காமல் ஓடி ஓடி உழைக்கிறவர்களை மேடையேற்றிக் கைதட்டுவது நல்ல காரியம். ஆனால் யார் எத்தனை முறை ரத்தம் கொடுத்தார் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்தப் பட்டியலைப் போடுவதில்தான் சிக்கல். அதன் விளைவு வந்து சேர்வது ரத்த வங்கியில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன வாரம் குடியாத்தம் பக்கமிருந்து ஒரு கல்லூரித் தம்பி வந்தான். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீலநிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டோம். நேராக அடிக்குப் போகவேண்டிய சொட்டு, பாதியில் தயங்கி நின்று மேலே வந்துவிட்டது. ரத்தம் கொடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் 12.5 கிராம் இல்லை. "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றதும் முகம் வாடிவிட்டது. "அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இதோட 25 ஆயிடும். நாளைக்கு லிஸ்ட் கொடுக்கணும்." கடைசியாக எப்போது கொடுத்தாய் என்று கேட்டதற்கு நாலு மாதம் என்று எழுதியிருந்தான். உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தபோது உண்மை வந்தது: வேறொரு ரத்த வங்கியில் கொடுத்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. இப்படி வருகிறவன் இவன் ஒருவன் இல்லை. இதற்கு முன் ஒரு பையன் எங்கேயோ சமாளித்துக் கொடுத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் மயங்கி விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டான். (ரத்தம் கொடுத்த கையோடு பைக்கை எடுக்காதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். மே மாத வேலூர் வெயிலில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.)

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: "ரத்தம் 24 மணி நேரத்துல ஊறிடும்." மைக் பிடிக்கிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாளில் ஈடாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். இரும்புச்சத்து அதைவிடத் தாமதம். 450 மில்லி ரத்தத்தோடு உடம்பிலிருந்து 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து அது திரும்பச் சேரச் சிலருக்கு மாதக்கணக்காகும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்று விதி வைத்திருப்பது கொடுப்பவருடைய உடம்பைக் காப்பாற்றத்தான். 45 கிலோ எடை வேண்டும் என்பதும் அதற்காகத்தான். இந்த விதிகளில் எங்களிடம் சலுகை கேட்காதீர்கள்.

விருதுக் குழுவில் இருப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 வயதில் தொடங்கி ஒருமுறைகூடத் தவறாமல் 90 நாளுக்கு ஒருமுறை முழு ரத்தம் கொடுக்கும் ஆண், 28 வயதில் 40-ஐ ஒட்டித்தான் நிற்பார். 100-ஐத் தொட 24 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 28 வயதுக்காரர் பெயருக்கு எதிரே 60 என்று எழுதி வந்தால், ஒன்று பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுப்பது) கொடுத்ததையும் சேர்த்திருக்கிறார், இல்லை விதியை மீறியிருக்கிறார். பிளேட்லெட் தானத்துக்கு இடைவெளி வேறு, கணக்கும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது.

பெண்களின் கதையைப் பாருங்கள். 120 நாள் இடைவெளி, கர்ப்ப காலம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிடாயால் குறையும் ஹீமோகுளோபின். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் எந்தக் காலத்திலும் அவர்களுக்கு ஷீல்டு கிடைக்காது. பல விழாக்களில் பெண்களை ஆரத்தித் தட்டோடு வாசலில் நிறுத்திவிட்டு, மேடையை ஆண்களே நிரப்பிக்கொள்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

எண்ணிக்கை வெறியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முகாமில் நாங்கள் கொடுக்கும் படிவத்தில் மஞ்சள் காமாலை, பச்சை குத்தியது, சாப்பிடும் மாத்திரை, அந்தரங்க விஷயங்கள் என்று எல்லாம் கேட்கிறோம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பரிசோதனை உண்டுதான். ஆனால் தொற்று வந்த புதிதில் சில நாட்களோ வாரங்களோ பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பது கொடையாளர் சொல்லும் உண்மை ஒன்றுதான். விருதுக்குத் தங்கக்காசு, மிக்ஸி என்று அறிவித்தால் அந்த உண்மை மறைந்துபோகும். சான்றிதழ், ஷீல்டு, பொன்னாடை போதும். ரத்தத்துக்குக் காசு கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் நிறுத்தியிருக்கிறோம். பரிசு என்ற பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு விருது? பழைய வட ஆற்காடு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். காட்பாடி ஸ்டேஷனில் தினமும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து நோயாளிகள் இறங்குகிறார்கள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் பலகையே வங்காள மொழியில் இருக்கும். லுக்கீமியாவோடு (ரத்தப் புற்றுநோய்) வந்த குழந்தைக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக மாற்று ரத்தம் கொடுக்க இங்கே மாமனா மச்சானா இருக்கிறார்கள்? அந்தக் குழந்தையின் அப்பாவை, காசுக்கு ஆள் பிடித்துத் தரும் புரோக்கர் பிடிப்பதற்குள் பிடித்து, தெரிந்த இந்தியில் பேசி, சரியான ஆளை வரவழைக்கிற தன்னார்வலர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடுங்கள்.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. உடம்பு ஒத்துக்கொள்ளாததால் ஒரு யூனிட்கூடக் கொடுத்ததில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார்: பெயர், பிரிவு, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி. ராத்திரி எத்தனை மணிக்குக் கேட்டாலும் தகுதியுள்ளவருக்கு மட்டும்தான் போன் போடுவார். ஆர்வக்கோளாறில் வருகிற பையனை "உனக்கு இன்னும் இருபது நாள் இருக்குடா கண்ணு, சாப்ட்டுட்டுப் போய்ப் படு" என்று திருப்பி அனுப்புவார். அவர் அனுப்பும் ஆட்களை நாங்கள் திருப்பி அனுப்புவது அபூர்வம். எந்த விழாவிலும் அவர் பெயரை நான் கேட்டதில்லை.

கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும் கையிருப்பு சரியும். பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும், சிவப்பணு 35 முதல் 42 நாள் வரைதான். அந்தக் கத்திரி வெயிலில் பத்துப் பேரைக் கூட்டி வருகிறவரும், ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பியவரை டாக்டரிடம் காட்டி மூன்று மாதம் கழித்துத் தேற்றிக் கூட்டி வருகிறவரும் பட்டியலில் முதலில் வரவேண்டியவர்கள்.

விழா வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரத்தம் பெற்ற நோயாளியை, அதுவும் குழந்தையை, மேடைக்கு அழைத்து நன்றி சொல்ல வைக்காதீர்கள். வார்டில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டவருக்கு அந்த வருடம் விருது கிடையாது என்று விதி வையுங்கள். நன்கொடை கொடுத்த கடைக்காரரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் தனியாகச் செய்யுங்கள், தன்னார்வலர் ஷீல்டைத் தூக்கி அவரிடம் கொடுக்காதீர்கள். பட்டியலை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்; கடைசி வார ஓட்டம் தானாக நிற்கும். கொடையாளர் அட்டைகளை அவரவர் சம்மதத்தோடு எங்களிடம் கொண்டுவாருங்கள், தேதி பார்த்துத் தருகிறோம். இந்த வருடம் எத்தனை முறை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை பேருக்கு "இப்போது வேண்டாம்" என்று சரியாகச் சொன்னார் என்று ஒரு கட்டமும் போடுங்கள்.