ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு பாலைவன நகரம். அதன் வடகிழக்கில் நிற்கிறது மவுன்ட் லெம்மன். கோடையில் டூசானில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே இந்த மலையில் சைக்கிள் மிதிக்க நல்ல காலம் குளிர்காலம்தான். பனியில் முடங்கிப்போகும் ஊர்களின் பந்தய வீரர்கள் அப்போது பயிற்சிக்கு இங்கே வருகிறார்கள். எந்தப் பந்தயத்துக்கும் போகாத கணவன் மனைவியரும் வருகிறார்கள்.

மலைக்குப் பெயர் வந்ததே ஒரு தம்பதியால்தான். தாவரவியலில் ஈடுபாடு கொண்ட சாரா பிளம்மரும் ஜான் லெம்மனும் 1880இல் மணந்து, அடுத்த ஆண்டு தேனிலவை இங்கே செடி சேகரிப்பதில் கழித்தார்கள். தெற்குச் சரிவில் ஏற முயன்று தோற்று, வடக்குப் பக்கமாகச் சுற்றி உச்சியை எட்டினார்கள். மலை சாராவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவர்களுக்குக் கிடைக்காத சாலை இப்போது தெற்குச் சரிவிலேயே ஏறுகிறது. கேட்டலினா நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர். 1933இல் தொடங்கிய வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சிறைக் கைதிகள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்கள் மீது விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்த கார்டன் ஹிராபயாஷியும் இங்கிருந்த கைதிகள் முகாமில் தண்டனை அனுபவித்தார். சிறைக்கு அனுப்ப அரசிடம் பயணப் பணம் இல்லையென்று, வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு தானே வந்து சேர்ந்தவர் அவர். அந்த முகாம் இருந்த இடத்துக்கு இன்று அவர் பெயர்.

டூசான் சமவெளியின் உயரம் சுமார் 750 மீட்டர். சாலை 2,400 மீட்டருக்கு மேல் போகிறது. பெரும்பாலான இடங்களில் சரிவு நூற்றுக்கு நான்கைந்துதான். காருக்காகப் போட்ட சாலை என்பதால் மூச்சை அடைக்கும் செங்குத்து இல்லை, முடிவதும் இல்லை.

விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒரு வேடிக்கை. மேலே ஏற ஏறக் குளிர வேண்டும் அல்லவா? இங்கே முதல் சில கிலோமீட்டரில் குளிர் குறையும். பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, வானத்தில் மேகமும் இல்லை. எனவே தரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தடையின்றி விண்வெளிக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. விடிகாலையில் மிகக் குளிர்ந்த இடம் அடிவாரப் பள்ளம். சற்று மேலே உள்ள சரிவு கதகதப்பாக இருக்கும். சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளிகள் அந்தச் சரிவில் செழித்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகலிலும் உருகாமல் உறைநிலை நீடித்தால் அவை செத்துவிடும் என்பதை டூசான் பாலைவன ஆய்வகத்தில் இருந்த ஃபாரஸ்ட் ஷ்ரீவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார்.

வெயில் ஏறியதும் தேங்கிய குளிர்காற்று கலைந்துவிடும். அதன்பின் வழக்கமான கணக்குதான். உலர்ந்த காற்று மேலெழுந்து விரிந்தால் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வரை குளிரும், சராசரியாக ஆறரை. ஜனவரி மதியம் ஊரில் 18 டிகிரி என்றால் சாலையின் உச்சியில் ஐந்தாறு டிகிரிதான், சில நாளில் உறைநிலை. கள்ளி போய்க் கருவாலி (ஓக்) மரம் வரும். கருவாலி போய்ப் பைன் வரும். கடைசியில் பனிச்சறுக்கு மைதானமே உண்டு.

இனி உடம்புக்கு வருவோம். கணவர் 70 கிலோ, மனைவி 55 கிலோ. சைக்கிள், தண்ணீர், உடுப்பு ஆளுக்கு 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் போக அவருக்கு ஏறக்குறைய 125 வாட் தேவை, அவளுக்கு 105. இதில் பெரும்பங்கு எடையைத் தூக்குவதற்கே. காற்றைத் தள்ளச் செலவாவது ஐந்து வாட் அளவுதான். சமதரையில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் பெரிய மிச்சம். மேட்டில் அந்தக் கூட்டணிக்கு வேலையில்லை. அவரவர் கியரில், அவரவர் மூச்சுக்கு ஏற்ப மிதிப்பதே புத்தி. மனைவிக்காக வேகத்தைக் குறைத்து, தப்பான கியரில் முக்கிக்கொண்டு வருவதைத் தியாகம் என்று நினைக்கும் கணவர்களுக்கும், கணவர்களை அப்படி இழுத்துக்கொண்டு ஏறும் மனைவியருக்கும் இதைச் சொல்லலாம்.

கணவர் தம் சுமையை 1,650 மீட்டர் தூக்கச் செய்த வேலை 300 கிலோகலோரிக்குச் சற்று அதிகம். ஆனால் தசை தான் எரிப்பதில் கால்பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். ஆக, மேலே போய்ச் சேர்வதற்குள் உடம்பு 1,000 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ஐந்து டிகிரிக் குளிரிலும் ஏறுகிறவர் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு போவது இதனால்தான். வியர்வையும் ஊறும். காற்று உலர்ந்திருப்பதால் வெளித் தோலில் அது உடனே ஆவியாகிவிடும். வியர்த்ததே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். ஜாக்கெட்டுக்குள் மட்டும் அது போக வழியில்லாமல் பனியனில் தங்கும். வினை அங்கே இருக்கிறது.

இறக்கம் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. மிதிக்காமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு தருவது சுமார் 100 வாட் வெப்பம், ஏற்றத்தில் தந்ததில் நாலில் ஒரு பங்கு. எதிர்க்காற்றோ ஐந்து மடங்கு. உறைநிலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 8 டிகிரியாக இருக்கும். அதற்குள்ளே ஈரப் பனியன் வேறு. விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு குறைத்துக்கொள்ளும். பிரேக் பிடிப்பது அந்த விரல்கள்தான். நடுக்கம் அதிகமானால் கைப்பிடி வழியாக முன்சக்கரமும் ஆடத் தொடங்கலாம்.

மெதுவாக இறங்கினால் போதாதா? போதாது. காற்றால் வரும் குளிர் வேகத்துக்கு ஏற்ப நேராகக் கூடுவதில்லை. முதல் பத்து கிலோமீட்டர் வேகத்திலேயே கிட்டத்தட்டப் பாதி வேலையை முடித்துவிடுகிறது. வேகத்தை 50இலிருந்து 30ஆகக் குறைத்தால் மைனஸ் 8 என்பது மைனஸ் 6.5 ஆகும், அவ்வளவுதான். குளிரில் இருக்கும் நேரமோ நீளும். பலன் தருவது மிதிப்பதுதான். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே காலை வேலைவாங்கினால் உள்ளே அடுப்பு அணையாது. கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் கணக்கு சரி. உச்சியில் பனியனை மாற்றிக்கொள்வது அதைவிட மேல். உலர்ந்த ஒரு பனியன் நூறு கிராம்கூட இருக்காது. மார்பில் காற்றுப் புகாத ஏதாவது ஒன்றும் வேண்டும். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் வீரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டதெல்லாம் இதற்காகவே.

இந்தச் சாலை ஓர் உதவி செய்கிறது. மேலே சம்மர்ஹேவன் என்ற சிற்றூர் சாலையின் உச்சியைத் தாண்டிச் சற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே தின்று, குடித்துவிட்டுத் திரும்புகிறவர் முதலில் கொஞ்சம் ஏறியாக வேண்டும். அலுத்துக்கொண்டே ஏறினாலும் கால் சூடாகிவிடும். அதன்பின் வரும் பத்து நிமிடம்தான் மோசம். 45 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 35 மீட்டருக்கு மேல் உயரம் குறைவதால், பத்து நிமிடத்தில் காற்று இரண்டு மூன்று டிகிரி சூடாகியிருக்கும்.

இறக்கத்தில் இருவரும் சமமல்ல. எடை கூடியவரைப் புவியீர்ப்பு அதிகமாக இழுக்கிறது. காற்றுத் தடை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே சும்மா விட்டாலே கணவர் முன்னே போய்விடுவார். சிறிய உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். மனைவிக்கு உடம்பு சீக்கிரம் குளிரும். கையிலிருக்கும் தடித்த கையுறை ஒரு ஜோடிதான் என்றால் அது யாருக்கு என்பதில் வாக்குவாதம் தேவையில்லை. முன்னே போனவர் காத்திருக்க வசதியான திருப்பம் விண்டி பாயின்ட், ஏறக்குறைய 2,000 மீட்டரில். படம் எடுக்க அருமையான இடம்; ஆனால் பெயரிலேயே காற்று இருக்கிறது. பாறை காற்றை மறைத்து, மேற்கு வெயில் விழும் திருப்பமாகப் பார்த்து நிற்பது நல்லது.