‘போல’ வந்தால் எல்லாம் உவமையா?

தரம் 5 பிள்ளையிடம் உவமை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். “போல என்று வரும்” என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். புலமைப்பரிசில் பரீட்சை அவசரத்தில் பழகிய குறுக்குவழி இது; மேல் வகுப்புக்குப் போனதும் காலை வாரும். “மழை வரும் போல இருக்கு” என்பது ஊகம். “ரீச்சர் சொன்னது போலச் செய்தேன்” என்றால் சொன்னபடி செய்தேன் என்று பொருள். இரண்டிலும் உவமை இல்லை. “பவளவாய்” என்பதில் ‘போல’ இல்லை, உவமை இருக்கிறது.

‘போல’ போன்ற உவம உருபைத் தேடுவதை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். எதைப் பற்றிச் சொல்கிறார்? அதற்கு எதைக் காட்டுகிறார்? இரண்டும் எதில் ஒக்கும்? உவமேயம், உவமானம், பொதுத்தன்மை என்ற பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நேரம் செலவழிக்க வேண்டியது மூன்றாம் கேள்வியில்தான்.

“அக்கா மான் போல ஓடினா” என்று கரும்பலகையில் எழுதுங்கள். கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்களைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். மானிடம் உள்ளவற்றை அவர்களே சொல்லட்டும்: புள்ளி, வால், நாலு கால், துள்ளல், வேகம். அக்காவுக்குப் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தால் துள்ளலும் வேகமும் மிஞ்சும். உவமை எடுத்துக்கொள்வது அவ்வளவைத்தான். இந்த வெட்டும் வேலையைச் செய்யாத பிள்ளைதான் “அவர் மனம் கல்” என்பதற்குக் கல்லையே வரைகிறது.

எதில் ஒக்கும் என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு வழி தருகிறது: வினை, பயன், மெய், உரு. மான் போல ஓடினாள் என்பது வினை. மழை போல உதவினார் என்பது பயன். மெய் என்றால் வடிவம்: நிலாப் போல வட்டமான ரொட்டி. உரு என்றால் நிறம்: பவளம் போன்ற உதடு. சின்ன வகுப்புக்கு இந்த நான்கும் தாராளம்.

ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிடும் உருவகத்தில் பிள்ளைகள் தடுமாறுவது சொல் வரிசையில். ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம். உவமானம் முன்னே நிற்கிறது, ஆகவே உவமை. ‘முகமலர்’ என்றால் முகமாகிய மலர், அது உருவகம். ‘பிறவிப் பெருங்கடல்’ என்று குறள் சொல்வதும் பிறவியாகிய கடலைத்தான். ‘போன்ற’, ‘ஆகிய’ இரண்டையும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது பொருந்துகிறதென்று காதே சொல்லிவிடும்.

உவமைத்தொடர்களைப் பட்டியலாகப் பாடமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘அத்தி பூத்தாற்போல’ என்றால் அரிதாக என்று எழுதிப் புள்ளி வாங்கலாம். ஏன் அரிது? அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பதால் வெளியே யாரும் காண்பதில்லை. ஒரு காயைப் பிளந்து காட்டினால் போதும். ‘பசுமரத்தாணி’க்குப் பச்சைக் கிளை ஒன்று, காய்ந்த வைரக்கட்டை ஒன்று, இரண்டு ஆணி. பெரியவர் அடித்துக் காட்டட்டும். எதில் சுலபமாக இறங்குகிறதென்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: பாட்டில் வந்தால் அணி என்று நினைப்பது. “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்று திருகோணமலையின் கோணமாமலையைச் சம்பந்தர் பாடுகிறார். ஒலிக்கும் கடலின் அலை முத்துகளை ஒதுக்குகிறது என்கிறாரே தவிர, எதையும் எதற்கும் ஒப்பிடவில்லை. அழகான வருணனை, அவ்வளவுதான். மார்கழியில் “கடல் கோபமாய் நிக்குது” என்று ஒருவர் சொன்னால் அது வேறு: மனிதரின் குணம் கடலுக்கு ஏறிவிட்டது.

எழுத வைக்கும்போது நிலா முகம், முத்துப் பல் இரண்டையும் தடைசெய்துவிடுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றையோ கரைவலை இழுப்பதையோ கொடுத்து இரண்டு வரி கேளுங்கள். கிண்ணியாப் பிள்ளைக்குத் தோணி, தம்பலகாமத்துப் பிள்ளைக்கு வயல் என்று மாற்றிக்கொள்ளலாம். மூன்று புள்ளி கொடுப்பதானால் உவமானத்துக்கு ஒன்று, எதில் ஒக்கிறது என்று விளக்குவதற்கு இரண்டு.