வராத வெள்ளத்துக்கு என்ன விலை?

1953 பிப்ரவரி 1 அதிகாலையில் வட கடல் பொங்கி நெதர்லாந்தின் கரைகளை உடைத்தது. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். இனி கரையை எவ்வளவு உயர்த்துவது? வெள்ளத் தடுப்புக்கு வழி சொல்ல அந்நாட்டு அரசு அமைத்த டெல்டா குழுவுக்காக இதைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் டேவிட் வான் டான்சிக் என்ற கணித அறிஞர். கரை உயர உயர கட்டுமானச் செலவு ஏறும். தண்ணீர் கரையைத் தாண்டும் வாய்ப்பும், எதிர்பார்க்கும் இழப்பும் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எந்த உயரத்தில் தொகை மிகக் குறைவோ, அந்த உயரம் போதும் என்றார். பேரிடர் தடுப்பின் வரவு செலவை இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் எடை போடுகிறார்கள்.

போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் பெருவெள்ளம் வந்தால் 100 கோடி இழப்பு. எந்த ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு. அப்படியானால் ஆண்டுக்குச் சராசரி இழப்பு 1 கோடி. (இத்தகைய வெள்ளத்துக்கு வழங்கும் "நூறாண்டு வெள்ளம்" என்ற பெயரைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு.) 20 கோடியில் ஒரு கரை கட்டினால் 50 ஆண்டுகளுக்கு அந்த இழப்பு முழுவதும் தவிரும் என்று வைத்துக்கொள்வோம். கட்டலாமா?

இங்கேதான் தள்ளுபடி விகிதம் நுழைகிறது. நாளை கிடைக்கும் பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வருங்காலப் பயனை ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வருவார்கள். 3 சதவீதம் கழித்தால் அந்த 50 ஆண்டுப் பயனின் இன்றைய மதிப்பு சுமார் 25.7 கோடி: கட்டலாம். 7 சதவீதம் என்றால் 13.8 கோடிதான்: வேண்டாம். அதே ஆறு, அதே கரை. பேரப்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நாம் தரும் மதிப்பு அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கிறது. அதை அறிக்கையின் பிற்சேர்க்கையில் ஒளித்து வைப்பது பெரிய தவறு என்பேன்.

இன்னொரு கோளாறும் உண்டு. இழப்பைச் சொத்து மதிப்பால் மட்டும் அளந்தால், மாளிகைத் தெருவுக்குக் கரை கிடைக்கும், குடிசைப் பகுதிக்குக் கிடைக்காது. ஆனால் குடிசையில் நனைந்துபோன தையல் இயந்திரம்தான் அந்த வீட்டின் மொத்த வருமானம். அது போனால் கடன், பிள்ளையின் படிப்பு நிற்பது என்று இழப்பு நீண்டுகொண்டே போகும்.

பயன் பக்கத்திலும் விட்டுப்போவது உண்டு. 1970 புயலில் 3 லட்சம் பேருக்குக் குறையாமல் பலிகொடுத்த வங்கதேசக் கடலோரத்தில், பின்னாளில் தூண்கள்மேல் புயல் காப்பகங்கள் எழுந்தன. அவற்றில் பல, புயல் இல்லாத நாட்களில் தொடக்கப் பள்ளிகள். அங்கே பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு நாளும், புயல் வந்தாலும் வராவிட்டாலும், வரவில்தான் எழுதப்பட வேண்டும்.